மருமகன் விட்டுப் போன கடல்

கல்முனைக்குடியில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழ வருவார். உடுப்புப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் கொண்டு வந்தால் போதும். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கச்சிமுகம்மதுவின் மகள் நஸ்லாவைக் கட்டிய அஹ்ஸனோ, மருதமுனையிலிருந்து ஒரு சின்ன லொறியில் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்து இறக்கினார்கள். அதன் பின்னால் கேன் கேனாகக் கடல்தண்ணீர், ஈரச் சாக்கில் சுற்றிய கற்கள், பொலித்தீன் பையில் செம்மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள்.

தெருவில் நின்றவர்கள் சும்மா விடவில்லை.

"கச்சிக் காக்கா, மாப்பிள்ளை சீதனம் கொண்டாறார்! நம்மட ஊருல இதான் முதல் தரம்!"

"கடல் இந்தாக் கிடக்கு, கூப்பிட்டாக் கேக்கும். அத அள்ளிக் கொண்டாறதுக்கு ஒரு லொறியா?"

கச்சிமுகம்மது சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. மீனைச் சட்டியில் கொதிக்கும் ஆணத்தில் பார்த்துப் பழகிய மனிதர். அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதற்கு என்ன முகம் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தொட்டி ஹோலில் சுவரோரம் ஏறியது. வீடு நஸ்லாவுக்கு எழுதிக் கொடுத்த வீடு, தொட்டி அவள் மாப்பிள்ளையினது. அவரும் மனைவி றபீக்காவும் பின்பக்க அறையில் இருந்தார்கள். ஹோலில் என்ன வைப்பது என்று சொல்ல அவருக்கு வாயில்லை, அவரும் அதைத் தேடவில்லை.

நாவிதன்வெளிப் பக்கம் போகும் பாதையில் உள்ள ஒரு நெல் மில்லில் அவருக்கு வேலை. நெல் அவிக்கும் அடுப்புக்கு அவர்தான் பொறுப்பு. உமியைக் கொட்டி எரித்து, ஆவி குறையாமல், நெல் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இளந்தாரியாக அந்த அடுப்படியில் நின்றவர், தாடி நரைத்தும் அங்கேயே நின்றார். உமியைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றும் இல்லை என்று மில்லில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

மாமனும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தும் அதிகம் கதைத்ததில்லை. பகை ஒன்றும் இல்லை. மரியாதை என்பது சில வீடுகளில் கதவு மாதிரி. மூடித்தான் இருக்கும், யாரும் பூட்டியதில்லை. "சாப்பிட்டீங்களா மருமகன்?" "ஓம் மாமா." நாளொன்றுக்கு அவ்வளவுதான். மாலையில் மில்லிலிருந்து வந்து தலை முழுகிவிட்டு, ஹோல் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது கச்சிமுகம்மது தொட்டியைப் பார்ப்பார். நடுக்கல்லில் ஒட்டிக்கொண்டு பூப்போல ஒன்று விரிந்திருக்கும். அது பூ இல்லை, கடற்சாமந்தி என்கிற உயிருள்ள பிராணி; அஹ்ஸன் அதை அனிமோன் என்பார். மற்ற மீன் பட்டால் குத்திவிடும் அதன் விரல்களுக்குள், அந்த இரண்டு கோமாளி மீன்களும் மட்டும் வீட்டுப் பிள்ளைகள் போல நுழைந்து நுழைந்து வரும். குத்துகிற ஒன்று, இந்த இரண்டு பேரை மட்டும் குத்தாமல் விடுவது ஏன் என்று அவர் ஒருநாள் யோசித்தார். கேட்கவில்லை.

பிறகு அஹ்ஸனுக்கு டோஹாவில் வேலை கிடைத்தது. தொட்டியை மீன் கடை கிசோக்கிடம் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். பாண்டிருப்புப் பெடியன், கல்முனையில் கடை வைத்திருந்தான். தொட்டிக்கு வேண்டியதெல்லாம் அவனிடம்தான் வாங்குவது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, யாரும் கேட்காமலே கச்சிமுகம்மது வாய் திறந்தார்.

"என்னத்துக்கு மருமகன் குடுக்கிற? இரிக்கட்டும். நான் பாத்துக்குவன்."

"மாமா, இது லேசு வேலை இல்ல. தண்ணி கொஞ்சம் பிழைச்சாலும்…"

"நான் அடுப்புப் பாத்த மனிசன். தண்ணியப் பாக்க ஏலாதா? அமானிதமா விட்டுட்டுப் போங்க. நீங்க லீவுல வரக்குள்ள ஹயாத்தோட, உசிரோட, கையில தருவன்."

அமானிதம் என்ற சொல் சாப்பாட்டு விரிப்பில் விழுந்ததும் நஸ்லா தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். நம்பி விட்டுப்போன பொருளைக் குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதில் விளையாட்டுக் கிடையாது. சொன்ன பிறகுதான் கச்சிமுகம்மதுவுக்கும் அதன் பாரம் தெரிந்தது. அவர் சொல்லைத் திருப்பி எடுக்கிறவர் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்ல முடியாது. பல நேரம் அது வெறும் பிடிவாதம்தான்.

போவதற்கு முன் அஹ்ஸன் எல்லாம் காட்டிக்கொடுத்தார். தீனி கொஞ்சமாகப் போட வேண்டும். வற்றுகிற அளவுக்கு வடிகட்டிய நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மாற்றும் தண்ணீர் கரையில் அள்ளக்கூடாது, போட்டுக்காரரிடம் சொல்லி வெளிக்கடலில் எடுப்பிக்க வேண்டும். பிறகு ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, மருந்துத் துளி விட்டுக் காட்டினார்.

"இது பொஸ்பேற் பாக்கிறது மாமா. நீலம் கூடினா தண்ணியில பசளை, உரச்சத்து, கூடிட்டுது எண்டு அர்த்தம். பசளை கூடினா பாசி வரும். பாசி வந்தா அனிமோனுக்கு மூச்சு முட்டும்."

குழாயில் நீலம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. "வெள்ளையா இரிக்கி," என்றார் கச்சிமுகம்மது.

"இப்படியே இருந்தாச் சரி."

சில காலம் அப்படியே இருந்தது. தொட்டியின் பின்னால் தொங்கும் வடிகட்டியில் கறுப்புக் கரி போட்ட சின்னப் பை ஒன்று இருந்தது. தண்ணீரின் மஞ்சளை அது இழுத்துவிடும். அந்தக் கரி பழசாகிப் போனபோது புதிதாக வாங்கக் கிசோக்கிடம் போனார். முடிந்துவிட்டது, கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றான் அவன். கச்சிமுகம்மதுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கரிக்குக் கொழும்புக்குப் போவதா? அவர் நிற்கும் இடமே கரி மலைக்குப் பக்கத்தில்.

அடுப்பிலிருந்து பாதி எரிந்த உமியை வாரி, தண்ணீர் தெளித்து அணைத்தார். சாம்பலாக விடவில்லை, நல்ல கறுப்புக் கரியாக எடுத்தார். மில்லில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பது இந்த உமிக்கரிதான். அவருடைய வாப்பா பல் விளக்கியது இதில்தான். கழுவிய தண்ணீர் கண்ணாடியாக ஓடும் வரைக்கும் கழுவி, பழைய சாரத் துணியில் பை தைத்து, வடிகட்டிக்குள் இறக்கினார். மறுநாள் தொட்டித் தண்ணீர் மினுங்கியது. வீட்டுக்கு வந்த உறவுக்காரி சிபானா மச்சி, "தண்ணி இரிக்கா இல்லையா எண்டே தெரியல்ல!" என்றாள். டோஹாவில் இருந்து வீடியோவில் பார்த்த அஹ்ஸனும், "தண்ணி நல்ல தெளிவு மாமா" என்றார். கரியைப் பற்றிக் கச்சிமுகம்மது சொல்லவில்லை. லீவில் வரும்போது காட்டலாம் என்று வைத்துக்கொண்டார்.

முதலில் கண்ணாடியில் மண்ணிறமாகத் தூசு போல ஒன்று படிந்தது. துடைத்தார், மறுபடி படிந்தது. அது போய்க் கல்லில் பச்சையாக முளைத்தது, பிறகு மயிர் போல நீண்டது. நீரோட்டத்தில் அது ஆடுவது பார்க்க அழகாகக்கூட இருந்தது, அது என்னவென்று தெரியாதவர்களுக்கு. குழாயில் துளி விட்டுப் பார்த்தார். நீலம்.

தண்ணீர் கெட்டால் கரி போடுவதுதான் முறை. அதனால் இன்னொரு பை தைத்தார்.

தீனியைக் குறைத்தார். லைட் எரியும் நேரத்தைக் குறைத்தார். கற்களைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, பாசியைக் கைகையாகப் பிடுங்கினார். கிசோக்கிடம் பாசி தின்னும் நத்தைகள் வாங்கிப் போட்டார்.

"நானா, நத்தை பாசியத் தின்னும். பாசிக்குத் தீனி போடுறது ஆரெண்டு நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றான் கிசோக், அண்ணன் என்கிற முறையில் அவரை நானா என்று கூப்பிடுகிறவன்.

"நான் ஒண்டும் போடுறல்லயே தம்பி."

"எங்கயோ இருந்து வருது நானா. சும்மா வராது."

தண்ணீர் மாற்றினால் நீலம் குறைந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. அவர் கடலைச் சந்தேகித்தார். மாரி காலம், வயல் தண்ணீர் வடிய முகத்துவாரம் வெட்டிவிட்டிருந்தார்கள். உரம் போட்ட வயல் தண்ணீரெல்லாம் கடலுக்குத்தானே போகிறது! போட்டுக்காரர் கொண்டு வந்த கேனிலிருந்தே எடுத்துச் சோதித்தார். வெள்ளை. கடல் குற்றவாளி இல்லை. வடிகட்டிய நல்ல தண்ணீரைச் சோதித்தார். வெள்ளை. கேத்தல் தண்ணீர், பீலியில் வடிந்த மழைத் தண்ணீர் என்று வீட்டில் ஈரமாக இருந்ததையெல்லாம் சோதித்தார். நஸ்லா, "வாப்பா, என்ட தேத்தண்ணிய மட்டும் விட்டிருங்க," என்று கோப்பையை மூடிக்கொண்டாள்.

இதற்கிடையில் கடற்சாமந்தி சுருங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் விரித்த கையளவு இருந்தது முட்டையளவுக்கு வந்தது. பாசி அதன் அடியைச் சுற்றி ஏறியது. கோமாளி மீன்கள் உள்ளே நுழைய இடமில்லாமல் பக்கத்தில் நின்றன, கதவு திறக்கும் என்று வாசலில் நிற்பவர்கள் மாதிரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவு கிடைத்துவிட்டதென்று அஹ்ஸன் சொன்னது அந்த வாரத்தில்தான்.

வீடியோவில் கதைக்கும்போது கச்சிமுகம்மது போனை மீன்களுக்கு நேரே பிடித்தார்.

"மாமா, கொஞ்சம் பின்னால போங்களன். முழுத் தொட்டியையும் பாப்பம்."

"சிக்னல் இல்ல மருமகன். வெட்டி வெட்டிப் போகுது."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனை வைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது. மில்லில் வேலை செய்கிறவர் யாரும் அப்படி இருக்க முடியாது. ஆனால் இது அமானிதத்தின் மேல் சொன்ன பொய். நம்பித் தந்த பொருளின் குறையை மறைப்பதும் பொருளையே தின்றுவிடுவதும் எவ்வளவு தூரம் வேறு என்று அவர் யோசித்தார். அதிக தூரம் இல்லை என்று பட்டது.

அன்று மாலை றபீக்கா தொட்டிப் பக்கம் நின்று கையைத் தட்டுவதைக் கண்டார். கண்டதும் வாயில் வந்துவிட்டது.

"நீதான் சோறு போடுற!"

"என்ன?"

"ரகசியமா. பாவம் எண்டு. அதான் இந்தப் பசளை."

"அல்லாவே! வளக்கிற கோழிக்குச் சோறு போட எனக்கு நேரமில்ல, இவர்ர மீனுக்கு நான் சோறு போடுறனாம்! கையில மா கிடந்திச்சி, தட்டினன்."

"அப்ப எங்கால வருது?"

"என்னைக் கேட்டா? கடலச் சோதிச்சீங்க. மழையச் சோதிச்சீங்க. புள்ளைட தேத்தண்ணிக்கும் போனீங்க. இப்ப என்னையும் சோதிச்சாச்சி. உங்கட அந்த அருமந்த பைய மட்டும் சோதிக்கல்ல. அது ஹஜ்ஜுக்குப் போய் வந்த பை, என்ன!"

அவள் தெரிந்து சொல்லவில்லை. கோபத்தில் கைக்கு எட்டியதை எறிந்தாள், அவ்வளவுதான். அவர் வடிகட்டியைத் திரும்பிப் பார்த்தார். ஏன் அதைச் சோதிக்கவில்லை? அது தன்னுடையது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

வடிகட்டிக்குள் கிடந்த பைகளை எடுக்கவில்லை. மில்லிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புதுக் கரியில் ஒரு பிடியை எடுத்துக் கழுவினார். கேனிலிருந்த புதுக் கடல்தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி அதில் ஊற விட்டார். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து, குழாயில் எடுத்துத் துளி விட்டார்.

தொட்டித் தண்ணீரில்கூட அப்படி ஒரு நீலத்தை அவர் கண்டதில்லை. புதுச் சாரத்தின் சாயம் மாதிரி இருந்தது.

குழாயைக் கையில் பிடித்தபடி முற்றத்துக்கு வந்தார். பழைய கரியையும் சாம்பலையும் அவர் வழக்கமாகக் கொட்டும் மூலையில் றபீக்காவின் மிளகாய்க் கன்றுகள் நின்றன. ஊரில் யார் வீட்டிலும் அப்படிக் காய்க்காது. உமிச் சாம்பல் நல்ல பசளை என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லி, மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொடுத்தவர். உமிக்கரி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று தெரியும். உமியில் பசளை இருக்கிறது என்றும் தெரியும். இரண்டும் ஒரே தலைக்குள் இத்தனை வருடம் இருந்திருக்கின்றன, ஒன்றையொன்று சந்திக்காமல். தெரியாததால் வந்த பிழை என்றால் மனம் ஆறும். இது தெரிந்த இரண்டு விடயங்களுக்கு நடுவில் கிடந்த பிழை. பாசி கூடக் கூடப் பை கூட்டினார். பை கூடக் கூடப் பாசி கூடியது. தண்ணீர் மட்டும் கடைசிவரை தெளிவாகவே இருந்தது.

"என்ன, விடிஞ்சதும் மிளகாய்க்கு மருந்தா?" என்றாள் றபீக்கா வாசலில் நின்று. இன்னும் கோபம் தீரவில்லை.

"நீ சொன்னது சரி."

"எது?"

"பை."

அவள் குழாயைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு வாரம் கொண்டாடியிருப்பாள். "தேத்தண்ணி ஆறுது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து அஹ்ஸன் வீடியோவில் வந்தபோது, கச்சிமுகம்மது போனை ஹோலின் நடுவில் நின்று முழுத் தொட்டிக்கும் பிடித்தார்.

"மருமகன், பாருங்க. சிக்னல் அண்டைக்கும் இருந்த. நான் பொய் சொன்னன்."

போனை நடுக்கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கரி முடிஞ்சிட்டு. நான் மில்லு உமிக்கரியப் போட்டன். அதுல இருந்துதான் பசளை வந்திரிக்கி. அனிமோன் இந்தா, இவ்வளவுதான் மிச்சம்."

"எடுத்திட்டீங்களா பைய?"

"இண்டைக்குக் காலையில."

"சரி. மாமா, பாசி வந்தது எனக்குத் தெரியும். நஸ்லா எப்பவோ படம் அனுப்பினா."

கச்சிமுகம்மது மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரைச்சீலையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

"அப்ப மறுகா ஏன் கேக்கல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன். நான் கேட்டா, உங்கள்ல பிழை பிடிச்ச மாதிரிப் போகும். கேட்டிருக்கணும். கரி எண்டு தெரிஞ்சா அண்டைக்கே நிப்பாட்டியிருக்கலாம்."

ஒருவருக்கு மரியாதை, மற்றவருக்கு வெட்கம். நடுவில் ஒரு கடற்சாமந்தி சுருங்கிக்கொண்டிருந்தது. அஹ்ஸன் இனிச் செய்ய வேண்டியதைச் சொன்னார்: கிசோக்கிடம் பொஸ்பேற்றை உறிஞ்சும் துருநிறக் குறுணி இருக்கும், வாங்கிப் போடுங்கள், கொஞ்சமாக, ஒரேயடியாக வேண்டாம், திடீரென்று குறைந்தாலும் அனிமோன் தாங்காது. "கல்லுக்குள்ளயும் ஊறியிரிக்கும் மாமா. பைய எடுத்தாலும் கல்லு மெல்ல மெல்லத்தான் விடும். அவசரப்படாதீங்க."

அன்றிலிருந்து தினமும் கதைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். "நீலமா, வெள்ளையா?" "நீலந்தான், ஆனா வானத்து நீலம்." குத்துகிற விரல் கோமாளி மீனைக் குத்தாதது ஏன் என்றும் ஒருநாள் கேட்டார். அதன் தோலில் ஒரு வழுவழுப்பு இருக்கிறது, அதனால் சாமந்திக்கு அது வேற்றாள் என்று படுவதில்லை என்றார் அஹ்ஸன். முழுக் காரணம் தனக்கும் தெரியாது என்றார். அந்தக் கடைசிப் பகுதி கச்சிமுகம்மதுவுக்குப் பிடித்திருந்தது.

பெருநாளைக்கு அஹ்ஸன் வந்தபோது பாசி முழுக்கப் போயிருக்கவில்லை. பின்கல்லில் ஒரு குஞ்சம் பச்சை நின்றது. கடற்சாமந்தி உயிரோடு இருந்தது, பழைய அளவில் பாதி. கோமாளி மீன்களில் பெரியது உள்ளே நுழைந்து இருந்தது, சின்னதுக்கு இன்னும் இடம் போதவில்லை.

பயணப் பெட்டியை இறக்கி, தண்ணீர் குடித்து முடிந்ததும், கச்சிமுகம்மது எழுந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார்.

"மருமகன், உங்கட அமானிதம். ரெண்டு மீனும் இரிக்கி. அனிமோன் நீங்க தந்த அளவில இல்ல. பாதிதான் தாறன். என்ட பிழை."

அஹ்ஸன் குனிந்து கண்ணாடிக்குள் நிறைய நேரம் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நான் திரும்பிப் போகக்குள்ள அமானிதமா விட மாட்டன் மாமா."

கச்சிமுகம்மது தலையாட்டினார். அது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. "அப்ப கிசோக்குட்டச் சொல்லுவமா?"

"அதில்ல. அமானிதம் எண்டா நான் வாற வரைக்கும் நீங்க ஒளிச்சி வெச்சிக்குவீங்க. பாதி உங்கட, பாதி என்ட எண்டு வெப்பம். அப்ப ஒளிக்க ஏலாது, ரெண்டு பேருக்கும்."

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. மில்லில் சம்மதத்தை அவசரமாகக் கொடுக்கிறவரைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. பின்கல்லில் ஆடிக்கொண்டு நின்ற அந்தப் பச்சையைப் பார்த்தார்.

"பாசியும் பாதிதானா எனக்கு?"

"இல்ல மாமா," என்றார் அஹ்ஸன். "பாசி முழுக்க உங்களுக்குத்தான்."

குசினிக்குள் றபீக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டது.